ஊதாவுக்கு அடுத்த பட்டு

“முகூர்த்தத்துக்கு யாராவது வெள்ளைப் பட்டு எடுப்பாங்களாடி, பார்க்கிறவங்க என்ன—”

“வெள்ளை இல்லம்மா! ஊதாவுக்கு அடுத்த நிறம், எவ்வளவு அழகா—”

செண்பகவல்லி புடவையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். போன மாதம் புற ஊதா ஒளியும் தெரிகிற செயற்கைப் புதுக்கண் வைத்துக்கொண்ட மகள் நிரஞ்சனாவுக்கு அது ஜொலித்தது. தன் பழைய கண்ணுக்கோ வெறும் சுண்ணாம்பு வெள்ளையாகத்தான் தெரிந்தது.

“அந்த ஒளிக்கு அலைநீளம் குட்டைம்மா. அதனால துடிப்பு அதிகம், சக்தியும் அதிகம்.”

“குட்டையா இருந்தா துடிப்பும் சக்தியும் கூடுமா? உன் அத்தை மாதிரின்னு சொல்லு.”

கடைக்காரர் சிரித்துவிட்டார். நிரஞ்சனாவும் சிரித்தாள், ஆனால் பிடியை விடவில்லை. “எனக்கு இதுதான் வேணும். பில் போடுங்க அண்ணாச்சி.”

செண்பகவல்லி புடவையின் முந்தியைப் பிடித்துக்கொண்டாள்.

“மாப்பிள்ளை கண்ணும் என்னுது மாதிரிப் பழசுதானே? தாலி கட்டும்போது அவருக்கு நீ எந்த நிறத்துலடி தெரிவே?”