சொந்த உபயோகம்

"சொந்த உபயோகம் எவ்வளவு?" என்று லௌரி கேட்டாள்.

"கிடையவே கிடையாது. பூஜ்யம்" என்றார் எம்ரிஸ்.

லௌரி பேனாவைச் சமையலறை மேசைமேல் வைத்தாள். அவள் கணக்காளர். ஒரு காலத்தில் எம்ரிஸிடம் கார் ஓட்டக் கற்று, மூன்றாவது முயற்சியில் தேறியவள். அந்த உரிமையில் வாய் கொஞ்சம் நீளம்.

கார்டிகன் ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த எம்ரிஸ் நாளையோடு தொழிலை மூடுகிறார். கடைசி வரிக்கணக்கில் பெட்ரோல், டயர், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் தொழில் செலவாகக் காட்டிக்கொள்ளலாம். சொந்த வேலைக்கு ஓடியதை மட்டும் கழித்துவிட வேண்டும்.

"பூஜ்யம்னு போட்டா வரி ஆபீஸ்ல ஒருத்தரும் நம்ப மாட்டாங்க சார். ஞாயித்துக்கிழமை எங்கேயாவது போயிருப்பீங்கல்ல?"

"போகல."

எம்ரிஸின் மனைவி டெலித் தேநீர்க் கோப்பைகளைக் கொண்டுவந்து வைத்தாள். "அவர் சொல்றது சத்தியம். கல்யாணத்துக்கப்புறம் என்னைத் தொழில் கார்ல ஏத்தினதே இல்ல. எங்க போனாலும் என் டப்பா வண்டிதான்."

வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரல் லேசாகக் கம்மியது.

"கல்யாணத்துக்கு முன்னாடி?" லௌரி விடுவதாக இல்லை. "ரெண்டு பேரும் கடற்கரையில ஐஸ்கிரீம் சாப்பிட்டதை எங்கம்மா பார்த்திருக்காங்களே!"

"அது பாடம்" என்றார் எம்ரிஸ். அவர் காது மடல்கள் சிவந்துவிட்டன. "மேட்டுல வண்டியை நிறுத்தி எடுக்கிற பாடம். அங்கதான் நல்ல மேடு இருக்கு."

டெலித் உட்கார்ந்தாள்.

ஒரு பென்சில் வாங்கிய கணக்கில்கூடப் பொய் எழுதாத மனிதர். அவரிடம் இத்தனை வருஷமாக ஒன்றை மறைத்து வைத்திருக்கிறாள். நாளை முதல் அவர் பயிற்சியாளர் இல்லை. இன்று விட்டால் பிறகு எப்போது சொல்வது?

"ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது" என்றாள். "உங்ககிட்டக் கத்துக்க வர்றதுக்கு முன்னாடியே எனக்கு லைசென்ஸ் இருந்துச்சு. காலேஜ்ல படிக்கும்போதே வாங்கிட்டேன்."

பிஸ்கட்டைக் கடித்த லௌரி மெல்லுவதை நிறுத்தினாள்.

"உங்ககிட்டப் பேச வேற வழி தெரியல. வேணும்னேதான் வண்டியை நடுரோட்டுல ஆஃப் ஆக்கி ஆஃப் ஆக்கி நிறுத்தினேன்."

எம்ரிஸ் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சர்க்கரை எப்போதோ கரைந்திருக்கும்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"பழகுநர் லைசென்ஸாவது இருக்கான்னு பாக்காம யாரையும் ஓட்ட விடக் கூடாது. முதல் நாளே உன் லைசென்ஸை வாங்கிப் பார்த்தேனே."

"பேரை மட்டும்தான் பார்த்தீங்கன்னு நெனச்சேன்!"

"பேரையும் பார்த்தேன்."

டெலித்துக்குக் கோபம்தான் வந்தது.

"அப்புறம் எதுக்கு ஒரு வருஷம் கிளட்சைப் பத்திப் பாடம் நடத்தினீங்க?"

"எனக்கும் வேற வழி தெரியல."

"அதுக்கு முழுக் காசு வேற வாங்கினீங்களே, மனுஷா!"

"வாங்கினதுக்கு வரி கட்டிட்டேன்ல?"

லௌரிக்குப் பிஸ்கட் புரையேறியது.

டெலித் எழுந்து, அவர் சட்டைப் பையில் கைவிட்டுக் கார்ச் சாவியை எடுத்தாள். வாசலில் நின்று, "வர்றீங்களா? கடற்கரைக்கு. நான்தான் ஓட்டுவேன்" என்றாள்.

எம்ரிஸ் மேல்கோட்டைத் தேடினார்.

"சார், நாளைக்குத்தான் தொழிலை மூடுறீங்க" என்று இருமலுக்கு நடுவே லௌரி எச்சரித்தாள். "இன்னைக்குப் போனா சொந்த உபயோகத்துல வந்துடும்!"

எம்ரிஸ் ஒரு கையை மட்டும் கோட்டில் நுழைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

"எழுதிக்கோ" என்றார்.