பன்னீர்செல்வம் வைத்த வெத்தலை

காசிநாதன் ஒரே ஒரு ஓட்டில் தோற்றார்.

2001 உள்ளாட்சித் தேர்தல். திருக்கழுக்குன்றத்தை அடுத்த ஒரு கிராமத்தில் வார்டு மெம்பர் பதவி. ஜெயித்தது அதே தெரு பன்னீர்செல்வம்.

கவுத்த அந்த ஒரு ஓட்டு யாருடையது என்றுதான் ஊரெல்லாம் பேச்சு.

"இதுல யோசிக்கிறதுக்கு இன்னா கீது? சரோஜாதான்!" என்றான் தர்மராஜ்.

தர்மராஜ், காசிநாதனின் தங்கை புருஷன். தேர்தல் வேலை மொத்தமும் பார்த்தவன். ஆளோட குணத்தை வைத்தே ஓட்டைச் சொல்லிவிடுவதாக அவனுக்கு ஒரு நினைப்பு.

"சிடுமூஞ்சி இருக்கானே, சொந்தக்காரன் நின்னாலும் எதிர்த்துத்தான் குத்துவான். பயந்தாங்கொள்ளி, பக்கத்து வூட்டுக்காரன் எதுல குத்துனானோ அதுலயே குத்துவான். கஞ்சன் பூத்துக்கே வரமாட்டான், செருப்பு தேஞ்சிடும்னு!"

சரோஜா காசிநாதனின் மனைவி. தெருவில் வாய்க்காரி என்று பெயர் எடுத்தவள். மனுத்தாக்கல் அன்றே வாசலில் நின்று கத்தியிருந்தாள்.

"யாரு இன்னா கேட்டாலும் இல்லன்னு சொல்லத் தெரியாது. சொந்த டெம்போவ ஓசில குடுத்துட்டு நடந்து வர்ற ஆளு. உனக்கு எதுக்குய்யா மெம்பரு? நானே உனக்கு ஓட்டுப் போட மாட்டேன்!"

அப்புறம் சந்தேகம் வேறு யார் மேல் வரும்?

தர்மராஜ் வீட்டுக்கே வந்துவிட்டான்.

"தங்கச்சி, நேராவே கேக்கறேன். யாருக்குப் போட்ட?"

சரோஜா புருஷனைப் பார்த்தாள். காசிநாதன் ஃபேனைப் பார்த்தார்.

"பன்னீருக்குத்தான் போட்டேன். இப்ப இன்னான்ற?"

தர்மராஜ் எகிறிக் குதித்தான். "கேட்டியா மச்சான்? இவளக் கொண்டுபோயி அவங்க அம்மா வூட்ல வுட்டுட்டு வா. கொஞ்ச நாள் கெடக்கட்டும். இன்னா சொல்ற?"

"சரி" என்றார் காசிநாதன்.

இப்படியும் ஒரு மனுஷன்! யார் எதைக் கேட்டாலும் தலையாட்டியே பழகிவிட்டது.

பேச்சுக்குப் பேச்சு பதில் கொடுக்கும் சரோஜா அன்று அலமாரியைத் திறந்தாள். பையை எடுத்துப் புடவைகளைத் திணித்தாள். கண் கலங்கியிருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பன்னீர்செல்வம் உள்ளே வந்தான். கழுத்தில் மாலை, கையில் லட்டுத் தட்டு. வந்தவன் நேராகக் காசிநாதனின் காலில் விழுந்தான்.

"அண்ணே, உன்ன மாதிரி ஆளு உண்டாண்ணே! வூடு வூடா வெத்தலபாக்கு வெச்சி ஓட்டுக் கேட்டுகினு வந்தேன். போட்டியா நிக்கறவரு வூட்டையும் தாண்டிப் போவக் கூடாதேன்னு உனக்கும் ஒரு மரியாதைக்குத்தான் நீட்டினேன். வெத்தலைய வாங்கிட்டா ஓட்டுப் போட்டாவணும், நம்மூர் வழக்கம். நீ வாங்கிக்கினு, 'கண்டிப்பா போட்டுடறேன்'னு சொன்ன. தமாசுன்னு இருந்துட்டேன். ஒரு ஓட்டுல ஜெயிச்சப்பதான் புரிஞ்சிது!"

தர்மராஜ் எடுத்த லட்டு கையிலேயே நின்றது.

"மச்சான்... உன் ஓட்டையே நீ உனக்குப் போடலியா?"

"கைநீட்டி வாங்கிட்டேனே தர்மராஜ்" என்றார் காசிநாதன், தரையைப் பார்த்து.

"தங்கச்சி, அப்ப நீ ஏன் பழிய உம்மேல போட்டுக்கின?"

"இவரு வெத்தல வாங்கினப்ப நான் கதவாண்டதான் நின்னேன். தனக்கே ஓட்டுப் போட்டுக்காத ஆளுன்னு தெரிஞ்சா ஊரே சிரிக்கும். இவரு தாங்க மாட்டாரு. என்னை எப்பவும் திட்டற ஊருதானே, கூட ஒருதபா திட்டட்டுமேன்னு வுட்டுட்டேன். ஊர்ல அத்தினி பேரு கொணத்தையும் எடை போட்டியே அண்ணாத்த, நிக்கற ஆளு கொணத்தை மறந்துட்டியே!"

காசிநாதன் எழுந்தார். அவள் கையிலிருந்து பையைப் பிடுங்கினார்.

"அனுப்ப மாட்டேன்" என்றார். அவர் ஒன்றை மறுத்துப் பேசி வீட்டில் யாரும் அதுவரை கேட்டதில்லை.

தர்மராஜுக்கு இன்னும் தீரவில்லை. "அப்ப நீ நெசமா யாருக்குத்தான் போட்ட?"

சரோஜா மூக்கை உறிஞ்சிக்கொண்டு முறைத்தாள்.

"இந்த மனுசனுக்குத்தான். இவரே இவருக்குப் போட மாட்டாருன்னு ஆயிப்போச்சு. எங்க வூட்டு ஓட்டு ஒண்ணாவது இவருக்கு வுழ வேணாமா?"