மறுவரி

ஜெபக்கூடமாக இருந்த இடம் இப்போது கண் மருத்துவமனையின் காத்திருப்பு அறை. சொட்டு மருந்து விட்டுக்கொண்டவர்கள் கண்மூடிச் சாய்ந்திருக்கிறார்கள். மடத்தை விற்றுப் பதினெட்டு ஆண்டுகள் கழித்து வந்திருக்கும் நான்கு கன்னியாஸ்திரீகளும் வாசலிலேயே தயங்கி நிற்கிறார்கள். "ஒரே ஒரு சங்கீதம் பாடிட்டுப் போயிடறோம்மா," என்கிறார் அவர்களின் தலைவியான மதர். வரவேற்பு மேசைப் பெண் உள்ளே எட்டிப்பார்த்துவிட்டு, "மெதுவா பாடுங்க சிஸ்டர், டாக்டர் இருக்காரு," என்கிறாள். மதர் உட்பட மூவர் இடப்பக்கச் சுவரோரம் போகிறார்கள். முன்பும் அவர்கள் நின்ற இடம் அதுதான். மூத்தவர் மட்டும் கைத்தடியை ஊன்றி எதிர்ச்சுவருக்கு நடக்கிறார். அந்தப் பக்கம் அவரோடு நின்ற பதினொரு பேரும் இறந்துவிட்டார்கள். ஒரு வரி இந்தப் பக்கம், மறுவரி அந்தப் பக்கம் என்று மாறி மாறிப் பாடுவதே மடத்து வழக்கம். "இங்க வந்துடுங்க சிஸ்டர், சேர்ந்தே பாடலாம்," என்று மதர் கூப்பிடுகிறார். "என் இடம் இதுதானே மதர்," என்கிறார் மூத்தவர். மூன்று குரல்கள் முதல் வரியைப் பாடி நிறுத்துகின்றன. ஏ.சி.யின் இரைச்சல் மட்டும் கேட்கிறது. மூத்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுவரியைத் தொடங்குகிறார். முன்பு பன்னிரண்டு பேரும் சேர்ந்து மூச்சு இழுத்துக்கொள்ளும் இடம் வந்ததும், அந்தப் பழைய அளவு நேரத்துக்கே பாட்டை நிறுத்துகிறார். பிறகு மீதியைத் தனியாகப் பாடி முடிக்கிறார்.