எதிர்வீட்டுச் சிவப்புச் செருப்பு

எதிர்வீட்டு வெட்டூரியஸ் தெருவில் இறங்கினாலே நோனியஸுக்கு வயிறு பற்றி எரியும்.

"பாத்தியாடி அந்தச் செருப்பை? கணுக்கால் வரைக்கும் மூடின செவப்புத் தோலு. பெருங்குடிக்காரன்னு ஊருக்குக் காட்டறதுக்கு. பொறக்கும்போதே மாட்டிக்கிட்டுப் பொறந்தானா?"

"பட்டறை காஞ்சு கெடக்கு. நீங்க அவன் காலைப் பாத்துக்கிட்டு நில்லுங்க" என்றாள் மனைவி ஆல்பியா.

ரோமாபுரியில் துணி வெளுக்கும் பட்டறை நோனியஸுக்கு. தண்ணீர் இல்லாவிட்டால் பிழைப்பு இல்லை. தெருமுனைத் தொட்டியிலோ கோடை தொடங்கியதிலிருந்து ஒரு சொட்டு விழவில்லை. எவனோ பூமிக்கடியில் திருட்டுக் குழாய் போட்டு இழுக்கிறான் என்று தெருவே பேசியது. எவன் என்றுதான் தெரியவில்லை.

"நான் ட்ரிப்யூன் ஆகட்டும். மண்ணைத் தோண்டி அந்தக் குழாய் எந்த வீட்டுக்குப் போவுதுன்னு பாத்துட்டுத்தான் மறுவேலை" என்று சத்தியம் செய்து தேர்தலில் நின்றான் ஆல்பியாவின் அண்ணன் ஆல்பியஸ்.

ட்ரிப்யூன் என்றால் சாதாரண ஜனங்களின் காவலன். அவன் 'கூடாது' என்றால் யாருடைய ஆணையும் செல்லாது. அவன் மேல் யாரும் கை வைக்க முடியாது. அவன் வீட்டுக் கதவு ராப்பகல் திறந்தே இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெருங்குடியில் பிறந்தவன் அந்தப் பதவிக்கு நிற்கவே முடியாது.

அப்படியிருக்க ஒருநாள் வெட்டூரியஸ் தானே பட்டறைக்கு வந்தான். துணி ஊறும் மூத்திர நாற்றத்துக்குக்கூட மூக்கைப் பொத்தவில்லை.

"நோனியஸ், உனக்குத்தான் புள்ள குட்டி இல்லியே. என்னைத் தத்து எடுத்துக்கப்பா."

"ஐயா!"

"உன் மகன்னா நானும் உன் குடிதானே. தேர்தல்ல நிக்கலாம். சடங்கு முடிஞ்ச கையோட என்னை விட்டுடு, என் வீட்டுலயே இருந்துக்கறேன். ஆனா ஊரறிய உன்னை அப்பான்னு கூப்பிடுவேன்." காலிலிருந்து செருப்பைக் கழற்றி நீட்டினான். "உன் குடிக்கு வந்தப்புறம் இது எனக்கு ஆகாது. நீயே வச்சுக்க."

நோனியஸ் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறை.

ஆல்பியா ஆடித் தீர்த்துவிட்டாள்.

"எங்கண்ணனை எதுத்து நிக்கறவனுக்கு நீங்க அப்பனா?"

"உங்கண்ணன் எனக்கு ஒரு வார் அறுந்த செருப்பாச்சும் குடுத்திருக்கானா?"

"இந்த ஊர்ல பெருங்குடிக்காரங்க கைக்கு எட்டாதது இந்தப் பதவி ஒண்ணுதான். அதையும் நீங்களே எடுத்துக் குடுக்கறீங்களே!"

"போடி, உனக்குப் பொறாமை!" என்றான் நோனியஸ். யார் சொல்வது பாருங்கள்!

சடங்கு நடந்தது. மகனுக்கு அப்பாவைவிட நரை அதிகம். கூட்டத்தில் பலர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். ஆனால் வெட்டூரியஸ் சொன்னபடி உரக்க "அப்பா!" என்று கூப்பிட்டான். நோனியஸுக்கு அன்று முழுக்கச் சந்தோஷத்தில் சோறே இறங்கவில்லை.

பட்டறையில் மிச்சமிருந்த ஒரு தொட்டித் தண்ணீரில் புது மகனின் தேர்தல் அங்கியைப் பாலாக வெளுத்துக் கொடுத்தான். மச்சான் அழுக்கு அங்கியோடு போய் ஓட்டுக் கேட்டான்.

"நம்ம நோனியஸ் புள்ளடா!" என்று தெருவே வெட்டூரியஸுக்கு ஓட்டுப் போட்டது. ஆல்பியஸ் தோற்றான்.

புது ட்ரிப்யூன் பதவியேற்ற அன்று நோனியஸ் சிவப்புச் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான்.

"மேலே பட்டறை நாத்தம், கீழே செனட்டரா?" என்று ரொட்டிக் கடைக்காரன் சிரித்தான்.

"உனக்கு வயித்தெரிச்சல்!" என்று நோனியஸ் நிற்காமல் நடந்தான்.

எதிர்வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. இத்தனை வருஷம் வாசலோடு துரத்திய காவல்காரன் ஒதுங்கி வழிவிட்டான்.

"வாங்கப்பா!" வெட்டூரியஸே வந்து தோளில் கை போட்டு உள்ளே அழைத்துப் போனான்.

நோனியஸ் அண்ணாந்தான். முன்கூடம் முழுக்க முன்னோர்களின் மெழுகு முகங்கள். பின்னால் தோட்டம் வரை, தூணுக்குத் தூண் உயரத்தில் பளிங்குத் தலைகள். ஒவ்வொருவரும் இன்ன படையை நடத்தியவர், இன்ன பதவி வகித்தவர் என்று வெட்டூரியஸ் சொல்லிக்கொண்டே வந்தான். நம் வீட்டுச் சுவரில் சுண்ணாம்புகூட உதிர்ந்து போச்சே என்று நோனியஸுக்கு நெஞ்சு காந்தியது. மேலே பார்த்தபடியே நடந்தான். ஓரிடத்தில் கால் சில்லென்றது. பெரிய வீட்டுத் தரைக்கே தனிக் குளிர்ச்சிதான் என்று நினைத்துக்கொண்டான்.

கிளம்பும்போதுதான் ஞாபகம் வந்தது.

"நம்ம தெருத் தொட்டி விஷயம்..."

"நானே விசாரிக்கறேன்ப்பா. வேற யாரையும் தோண்ட விடமாட்டேன்."

நோனியஸ் பூரித்துப்போய் வீடு திரும்பினான்.

"எத்தனை முகம்டி! அண்ணாந்து அண்ணாந்து கழுத்தே சுளுக்கிக்கிச்சு. தண்ணி விஷயத்தை நானே பாத்துக்கறேன்னு சொல்லிட்டான் எம் புள்ள!" காலை நீட்டினான். "இதைக் கொஞ்சம் கழட்டு. கடிக்குது."

ஆல்பியா ஒரு செருப்பைக் கழற்றினாள். கனமாக இருந்தது. வாசலுக்கு எடுத்துப் போய்க் கவிழ்த்தாள்.

காய்ந்து வெடித்த தெரு மண்ணில் தண்ணீர் கொட்டியது.

"தெருவே வறண்டு கெடக்கு. எந்த வீட்டுத் தண்ணிங்க இது?"