தவணை தவறினால்

தாய்லாந்தின் சியாங் மாயில் மின்சாரக் கார் வாங்க வந்த புவாசோன் அம்மாள், விற்பனையாளன் தனகோனைக் கேள்விகளால் துளைத்தெடுத்துவிட்டாள், பாவம்.

"செவ்வாய்க்கிழமை பிறந்தவ நான். அந்தக் கிழமைக்கு ராசியான ரோஸ் கலர் இருக்கா?"

"இருக்கு, பெரியம்மா."

"எதிர்க்கடையில வட்டியே இல்லைங்கிறான்."

"எங்ககிட்ட வட்டி உண்டு. ஆனா சார்ஜர் இலவசம்."

"தவணை தவறினா?"

"பணம் கேட்டு ஆள் வீட்டுக்கே வந்துடுவார்."

"அங்க போன்ல மெசேஜ் மட்டுந்தானாம். சரி, உன்கிட்டயே வாங்கறேன்."

நீட்டிய பேனாவைத் தனகோன் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"தவணையைக் கட்டிடுவீங்கதானே?"

"நாலு காருக்குப் பணம் பேங்க்ல சும்மா கிடக்குப்பா."

"அப்ப ரொக்கமா வாங்குங்களேன்! தள்ளுபடி தர்றேன்."

"வேண்டாம். பிள்ளைங்க பாங்காக் போனதிலேர்ந்து என் வாசல் மணியை யாரும் அடிக்கல."

கையெழுத்துப் போட்டுவிட்டு மெல்லச் சொன்னாள்:

"வர்றவரைச் சாப்பிடாம வரச் சொல்லு."