மூன்று கோப்பை, இரண்டு நட்சத்திரம்

ஏமஸ் க்ரம் முதல் வாயைத் துப்பிவிட்டால், அந்தக் கடையை இழுத்துப் பூட்டிவிடலாம். பென்சில்வேனியாவில் ரூட் பியர் காய்ச்சுகிற அத்தனை பேரும் அந்த விமர்சகருக்கு நடுங்கினார்கள். பெயரில்தான் பியர், போதை கிடையாது. நம் நன்னாரிக்குத் தூரத்துச் சொந்தம்.

ரூட் பியர் கடை வைத்திருந்த வெண்டலும் அவன் மனைவி லவினாவும் ஒரு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை. அவர் ஐந்து நட்சத்திரம் போட்டால்தான் அறுவடைச் சந்தையில் அவர்களுக்கு இடம்.

க்ரம் ஒரு வாய் குடித்தார். துப்பவில்லை.

தொப்பியைக் கழற்றினார்.

"இன்னொரு கோப்பை," என்றார், தேவாலயத்துக்குள் பேசுகிற குரலில்.

மூன்றாவது கோப்பை முடிந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. லவினா மூச்சுவிடவும் பயந்தாள்.

"என்ன வேரும்மா இது?"

"சசாஃப்ராஸ் ஐயா," என்று வெண்டல் முந்திக்கொண்டான். "எசன்ஸ் கிசன்ஸ் எல்லாம் இல்லை. மரம் கொல்லையில நிக்குது. நானே தோண்டுறேன்."

க்ரம் அவனையே பார்த்தார். பிறகு தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

வியாழக்கிழமை பத்திரிகை வந்தது. இரண்டு நட்சத்திரம். 'சசாஃப்ராஸ் மருந்துக்குக்கூட இல்லை. இனிமேலாவது பர்ச் மரப்பட்டை போட்டுக் காய்ச்சட்டும்.'

"மூணு கோப்பை, அதுவும் ஓசியில," என்றாள் லவினா. "கோப்பையை நக்காத குறை. எழுதியிருக்கறதைப் பாருங்க."

"வயசாச்சு. நாக்கு செத்துப்போச்சோ என்னவோ."

"நாக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. மனசுதான் அழுகிப்போச்சு. சந்தையும் போச்சு."

மறுநாள் காலை உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்தார். கையில் சோதனைக் குப்பி, கக்கத்தில் அதே பத்திரிகை.

"நீங்க நிஜ சசாஃப்ராஸ் வேர் போடுறதா எங்களுக்குப் புகார்."

வெண்டல் பெருமையாக வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"அந்த வேர்ல இருக்கற எண்ணெய் உடம்புக்கு ஆகாதுன்னு தடை போட்டு அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. போட்டிருந்தா இன்னிக்கே கடைக்கு சீல்."

வெண்டல் திறந்த வாயை மூடிக்கொண்டான்.

அதிகாரி குப்பியைத் திறக்காமலே பைக்குள் போட்டார்.

"ஆனா, க்ரம் இல்லைன்னு எழுதிட்டாரே. முப்பது வருஷத்துல அந்த மனுஷன் ஒரு பொய் எழுதினதில்லை."