தொப்புளுக்குக் கீழே

"ஊசியைப் பார்த்துனே இருந்தா, குத்தாத எடம்கூட குத்துற மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லி, ஆஸ்பத்திரியில் காயம் கட்டும் டிரெசர் ஆர்தர் ராஜப்பாவின் கண்களைத் துண்டால் இறுக்கிக் கட்டினார்.

போன வாரம் ஊசியைப் பார்த்துக்கொண்டே, "குத்துது, குத்துது" என்று ராஜப்பா கதையளந்ததற்குக் கிடைத்த மரியாதை அது.

சீமை ராணியம்மா செத்த மாசம் தங்கச் சுரங்கத்தில் முட்டுமரம் முறிந்து அவன் வயிற்றைக் கிழித்துவிட்டது. துரை டாக்டர் வெட்டித் தைத்து உயிரைக் காப்பாற்றினார். தொப்புளுக்குக் கீழே ஒரு சாண் தோல் மட்டும் அன்றிலிருந்து மரத்தே கிடந்தது.

கத்தி பட்டு நரம்பு அறுந்திருக்கிறது, மெதுவாக உணர்ச்சி வரும் என்று ஆர்தர் எத்தனையோ முறை சொல்லிவிட்டார். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? தோல் மரத்தாலே சுரங்கக் கூலிகளின் லைன் வீட்டு ஜனங்களுக்கு அது பெரியவியாதிதான்.

குஷ்டம் என்று பேர் வந்துவிட்டால் சுரங்கத்துக்கு இறங்கும் கேஜ் கூண்டில் ஏற்ற மாட்டார்கள். பெண்டாட்டி பிள்ளைகளோடு வீட்டை விட்டே விரட்டிவிடுவார்கள். இன்றைக்கு உணர்ச்சி வந்துவிட்டதென்று சீட்டு வாங்காமல் போவதில்லை என்ற வீம்போடு ராஜப்பா பெஞ்சில் படுத்திருந்தான்.

"இன்னா மனுசன் இவுரு. குதிகால்ல இம்மாம் பெரிய முள்ளு ஏறிக்கீது. அதோடவே கோரமண்டல் லைன்லேர்ந்து நடந்து வந்துகிறாரு பாருங்க" என்று சிரித்தபடி அவன் மனைவி பார்வதம்மா முள்ளைப் பிடுங்கினாள்.

"ஷிப்டுக்குப் போன காலுடி" என்று அவனும் பெருமையடித்துக்கொண்டான். ஆர்தர் சிரிக்கவில்லை.

ஆர்தர் ஊசியை எடுக்கும் சத்தம் கேட்டது. ராஜப்பா மூச்சடக்கிக் காத்திருந்தான். வயிற்றில் ஈ உட்கார்ந்த உணர்வுகூட இல்லை. இனி நமக்கு விடிவே கிடையாதோ என்று நினைத்தான்.

பக்கத்தில் பார்வதம்மா, "அய்யோ" என்று மெல்ல முனகுவது கேட்டது. ஊசி ஆழமாக இறங்கியிருக்கிறது என்று அவன் கணக்குப் போட்டான்.

"இன்னா ராஜப்பா, ஏதாச்சும் தெரியுதா?"

"தெரியுதுங்க ஐயா. தொப்புளுக்குக் கீழ சுருக்குனு குத்துது."

பார்வதம்மா விசும்பத் தொடங்கினாள். சந்தோஷத்தில்தான் அழுகிறாள் என்று நினைத்து ராஜப்பாவுக்குச் சிரிப்பு வந்தது.

ஆர்தர் கண்கட்டை அவிழ்த்தார்.

"வயித்துல நான் கையே வைக்கல ராஜப்பா. ஊசி உன் கால்ல நிக்குது."